நீலத்துக்குப் பவர் கம்மி

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். கப் கம்பெனி முதலாளி, அவருக்குக் கணக்கு எழுதும் மச்சான், எதிர்வரிசை ஜாடி கம்பெனி முதலாளி, டீ கொண்டுவந்த அம்மா, நான் வேலை பார்த்த சவுண்ட் சர்வீஸ் கடைக்காரர், நான். யார் எங்கே நின்றார்கள் என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். ஒருவனைத் திருடன் என்று சொல்லும்போது அதை யார் யார் கேட்டார்கள் என்பது அவனுக்கு மறப்பதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். ஆயுத பூஜை வந்தால் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் விளக்குத் தோரணம் கட்டுவார்கள். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு ஒயர் இழுக்கிற வேலை. இருபத்திரண்டு வயது. பயம் ஜாஸ்தி. ஒரு முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். ஏணியை விட்டு இறங்கின பிறகு சந்தேகம் வந்து மறுபடி ஏறுவேன்.

நீலக்கோடு போட்ட பீங்கான் கப் செய்கிறவர் என்பதால் கப் கம்பெனிக்காரர் நீல விளக்குதான் வேண்டும் என்றார். எதிரே ஜாடி கம்பெனிக்குப் பச்சை. இரண்டு பக்கமும் பதினைந்து வாட் பல்பு, நாற்பது நாற்பது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, நானே சாயத்தில் முக்கிக் காயவைத்தவை. நாற்பதைப் பதினைந்தால் பெருக்கினால் அறுநூறு. இந்தப் பக்கம் அறுநூறு என்றால் அந்தப் பக்கமும் அறுநூறு. சிகரெட் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

பொழுது சாய்ந்து சுவிட்சைப் போட்டதும் பச்சை வெளிச்சம் தெருவைத் தாண்டி வந்து கப் கம்பெனிச் சுவரிலேயே விழுந்தது. நீலம் தோரணத்தை விட்டுக் கீழே இறங்கவே இல்லை.

"என்னடா இது, எழவு வூடு மாரி இருக்குது?" என்றார் கப் கம்பெனிக்காரர்.

"ரெண்டு பக்கமும் ஒரே பல்புதாங்க. பதினஞ்சு வாட்டு."

"ஜீரோ வாட்ட மாட்டிட்டு பதினஞ்சுக்கு வாடகை கேக்குறியா? பவரே இல்லியேடா இதுல!"

"நல்ல பல்பெல்லாம் இந்நேரம் வேப்பூர் ரோட்டு ஓட்டல்ல எரியும் மாமா," என்றார் மச்சான்.

நான் ஒரு நீல பல்பைக் கழற்றி, சாயத்தை நகத்தால் சுரண்டி, அடியில் இருந்த எழுத்தைக் காட்டினேன்.

"எழுத்த யாரு வேணா எழுதலாம். எனக்குக் கண்ணு இருக்குது."

"மீட்டர வேணா பாருங்க..."

"மீட்டரையும் நீதானடா தொட்ட?"

ஜாடி கம்பெனிக்காரர் தெருவின் அந்தப் பக்கமிருந்து சிரித்தார். "வுடுய்யா. என் வெளிச்சத்துல பூஜைய முடிச்சிக்க."

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. கப் கம்பெனிக்காரர் முகம் சுருங்கி என் பக்கம் திரும்பி, "திருட்டுப் பய!" என்றார். வாடகை இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசைத் தரமாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். என் கடைக்காரர் மாதம் ஏழரை ரூபாயாக மூன்று மாதம் என் சம்பளத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பல்புல பவர் இல்லீங்களா, உங்க மூக்குக் கண்ணாடில பவர் இல்லீங்களா?" என்ற பதில் எனக்கு வீட்டில் கால் கழுவும்போதுதான் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றி என்ன புண்ணியம்.

பணத்தைவிடப் பேர் போனதுதான் எரிந்தது. அதற்குப் பிறகு பேட்டையில் நான் ஏணியோடு நுழைந்தால், "பல்ப எண்ணி வையுங்கப்பா, ஆளு வராரு" என்பார்கள். எண்ணியும் வைத்தார்கள்.

பச்சை ஏன் ஜெயித்தது என்று தெரிய எனக்கு நாற்பது வருஷம் ஆனது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் லேசர் டார்ச் விற்றுக்கொண்டிருந்தார். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இரண்டிலும் ஒரே அளவு சக்தி என்று ஒட்டியிருந்தது. சுவரில் அடித்துக் காட்டச் சொன்னேன். சிவப்பு ஒரு பொட்டு. பச்சை கண்ணைக் குத்தியது. பக்கத்தில் நின்ற காலேஜ் வாத்தியார் ஒருவர் சொன்னார்: கண் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி வாங்குவதில்லை. பச்சையை அள்ளி வாங்கும், சிவப்பைக் குறைத்து வாங்கும், ஊதாவை அநேகமாக விட்டே விடும். கணக்குப்படி இந்தப் பச்சை அந்தச் சிவப்பைவிட எட்டு மடங்கு என்றார். என் கண்ணுக்கு இரண்டு மூன்று மடங்குதான் தெரிந்தது. அதைச் சொன்னதும், "கணக்கு வேற, பாக்குறது வேறங்க" என்று சிரித்தார். எங்கள் குண்டு பல்பு வெளிச்சத்தில் நீலத்துக்குச் சரக்கே குறைவு, அதையும் கண் குறைத்துத்தான் வாங்கும் என்றும் சொன்னார். அன்றைக்கு இவர் அந்தத் தெருவில் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனால் பழி தீர்க்க நான் நாற்பது வருஷம் காத்திருக்கவில்லை. அடுத்த வைகாசியில் கப் கம்பெனிக்காரர் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஊரில் வேறு கடையில் அத்தனை பல்பு கிடையாது. எங்கள் கடைக்கே வந்து, என்னைப் பார்க்காமல் கடைக்காரரிடம் சொன்னார்: "எதுத்தாப்ல போட்டீங்களே, அந்தப் பச்சை. பந்தல் முழுக்கப் பச்சை. ஒரு பல்புகூட வேற கலரு கூடாது. இந்தத் தடவ என்னைய ஏமாத்த முடியாது."

நிச்சயத்துக்கு முந்தின நாள் சாயம் காய்கிறதா என்று பச்சை பல்பு ஒன்றை எரியவிட்டபோது, கடையின் சாமி படம் கண்ணில் பட்டது. படத்தில் வைத்திருந்த குங்குமம் அந்தப் பச்சை வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. மற்ற விளக்கை அணைத்துப் பார்த்தேன். முன்னைவிடக் கறுப்பு. போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல மறந்தேன் என்று எழுதினால் பொய். சொல்லக் கூடாது என்றே இருந்தேன். என் வாழ்க்கையில் பயமில்லாமல் தூங்கிய ராத்திரி அது.

சேத்தியாத்தோப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். விளக்கேற்றும் வேளையில் பெண்ணை மணையில் உட்காரவைத்தார்கள். சுவிட்சைப் போட்டேன். அரக்குச் சேலை கறுத்தது. நெற்றிக் குங்குமமும் கறுத்தது.

"ஏம்மா, பொண்ணுக்குக் கறுப்புப் பொடவையா எடுத்தீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. "நெத்தியில என்ன, மையா? என்ன சகுனம் இது?"

பெண் குனிந்து தன் சேலையைப் பார்த்தது, பிறகு நிமிர்ந்து பல்பைப் பார்த்தது. அந்தப் பெண்ணுக்காக மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல் உண்டு. அவள் அப்பாவுக்காக இல்லை.

கப் கம்பெனிக்காரர் ஏணிக்கடியில் ஓடிவந்தார். "தம்பி, வெள்ள பல்பு மாட்டுப்பா. சீக்கிரம்."

"பவர் கம்மியா இருந்தா பரவால்லீங்களா?"

"வெளையாடாத தம்பி. சபை பாக்குது."

"திருடன் மாட்டுற பல்புங்க. எண்ணிப் பாத்துக்கிட்டீங்களா?"

அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"ஏணி மேல இருக்கேன், காதுல வுழல."

"திருடன்னு சொன்னது தப்புதான்யா!" என்று கத்தினார். பந்தலே திரும்பிப் பார்த்தது. ஜாடி கம்பெனிக்காரரும் அங்கே இருந்தார். அவர் சிரித்ததும் எனக்குக் கேட்டது.

கொண்டுவந்திருந்த வெள்ளை பல்புகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் மாட்டினேன். குங்குமம் சிவந்தது. நிச்சயம் நல்லபடியாகவே முடிந்தது. இறங்கும்போது அவர் ஒரு பத்து ரூபாய் நோட்டை என் கையில் திணித்து, "பூஜை வாடகைல இது பத்து. மீதிய நாளைக்கி கம்பெனில வாங்கிக்க" என்றார். மறுநாள் போனேன். முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார் மச்சான். அதற்கடுத்த வாரமும் வெளியூர்தான். முதலாளி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கம்பெனி மகன் கையில் இருக்கிறது. இரண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டேன். பாக்கி பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு.