எந்தக் கேள்விக்கு இந்தப் பதில்?

விவசாயக் குழுவில் பதில் போடுவது மருந்து கொடுப்பதைப் போன்றது. யாருக்கு என்று சொல்லாமல் நீட்டினால் யாராவது ஒருவர் வாங்கி விழுங்கிவிடுவார்.

திண்டுக்கல்லில் ஒரு உரக்கடையில் வேலை செய்கிறேன். கடையின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஒரு எழுத்து தப்பினாலும் படித்தது வீண் என்று பேசுவார்களே என்ற பயத்தில் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை படித்த பிறகுதான் அனுப்புவேன். நீங்களும் ஏதாவது ஒரு குழுவுக்கு நிர்வாகியாக இருந்தால் இந்தப் பயம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வலப்பக்கம் இழுக்கவும்

கேள்வியைத் தொட்டு வலப்பக்கம் இழுத்துவிட்டுப் பதில் எழுதினால், அந்தக் கேள்வி பதிலின் தலையில் ஒட்டிக்கொள்ளும். யாருக்குச் சொன்னது என்ற சந்தேகமே வராது. இதைப் படம் போட்டு விளக்கிக் குழுவில் வைத்தேன். நாற்பது பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவரும் இழுக்கவில்லை.

எங்கள் கடையின் பயிர் ஆலோசகர் அதில் முதல் ஆள். நல்ல அறிவாளி. ஊர் ஊராகப் போய் வயல் பார்ப்பவர். போகிற வழியில் "அடிக்கலாம்", "வேண்டாம்", "ரெண்டு நாள் கழிச்சு" என்று ஒற்றை வரியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு அவர் சொன்னது: "ஏம்மா, வண்டிய நிறுத்தி, ஹெல்மெட்டக் கழட்டிப் பதில் போடுறதே பெருசு. இதுல இழுக்க வேற செய்யணுமா?"

சார் பெயரில் ஒரு மச்சான்

பாலசமுத்திரத்து விவசாயி ஒருவர், வெண்டைக்குப் புளித்த மோரோடு எதையோ கலந்து தெளிக்கும் முறை ஒன்றைப் போட்டு, அடியில் "ஆலோசகர் சார் சொன்னது" என்று எழுதியிருந்தார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் சார். அதற்குள் மூன்று பேர் மோரைப் புளிக்க வைத்துவிட்டார்கள்.

நான் அந்த விவசாயிக்குப் போன் செய்து, யார் சொன்னதோ அவர் பெயரைப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. "ஏனுங்க அம்மணி, என்ற மச்சான் சொன்னான்னு போட்டா யாருங்க கேப்பாங்க? அதானுங்க சார் பேரப் போட்டேன்."

ஒரே பாட்டில், இரண்டு வயல்

இனி சிரிக்க முடியாத சங்கதி. ஒரு நாள் காலையில் தொப்பம்பட்டிக்காரர் ஒருவர் களைக்கொல்லிப் பாட்டிலைப் படம் பிடித்துப் போட்டு, மக்காச்சோளத்துக்கு அடிக்கலாமா என்று கேட்டார். சற்று நேரத்தில் எரியோட்டிலிருந்து சவரிமுத்து அண்ணன் அதே பாட்டிலின் படத்தைப் போட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடித்தது போக மிச்சம் கிடந்ததாம். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார் என்பதால் கேள்வியைப் பேசி அனுப்பியிருந்தார்: மிளகாய்க்கு அடிக்கலாமா? அவருக்கு இருப்பது ஒரே ஏக்கர். அது முழுக்க மிளகாய்தான், அப்போதுதான் பூ வைத்திருந்தது.

அதற்கு நேர் கீழே சாரின் பதில் வந்து விழுந்தது: "அடிக்கலாம். வெயிலுக்கு முன்னாடி அடிங்க." அது தொப்பம்பட்டிக்குச் சொன்னது. அண்ணன் மிளகாயைப் பற்றிப் பேசி அனுப்பியதைச் சார் திறந்து கேட்கவே இல்லை. சோளத்தை விட்டுவிட்டுக் களையைக் கொல்லும் அந்த மருந்துக்கு மிளகாயும் ஒரு களைதான். பார்த்த உடனே "யாருக்கு சார்?" என்று குழுவில் கேட்டுவிட்டு, சவரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கியிருக்கிறார். கடைசியில் எடுத்தவர் குரலில் அவ்வளவு நிம்மதி. "அம்புட்டும் அடிச்சு முடிச்சுட்டேன் பாப்பா. அதான் சாரே சொல்லிட்டாருல்ல."

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கொழுந்து முதலில் வெளுத்தது. பிறகு செடி முழுவதும் வெளுத்தது. அண்ணன் வயலைப் படம் பிடித்துப் போட்ட அன்று, சார் தன் பதிலை நீக்கிவிட்டார். பதில் இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு குழுவில் எல்லோருக்கும் வாய் முளைத்தது. "சோளத்து மருந்த மொளகாக்கு அடிச்ச கிறுக்கன் யாருலே?" என்று ஒருவர் கேட்க, அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, உறுப்பினர் தவறாகப் புரிந்துகொண்டார், கடைக்கு இதில் பொறுப்பில்லை என்று எழுதிப் போடச் சொன்னார். "பதில் அவரோட கேள்விக்குக் கீழதான் வந்துச்சு முதலாளி. யாரா இருந்தாலும் தனக்குன்னுதான் நெனைப்பாங்க" என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நீ கடைக்கு வேல பாக்குறியா, எரியோட்டுக்கு வேல பாக்குறியா?"

நான் இழுத்த ஒரு கேள்வி

அன்று சாயங்காலம் சவரிமுத்து அண்ணனின் கேள்வியைத் தொட்டு வலப்பக்கம் இழுத்தேன். அதன் கீழே எழுதினேன்: "இந்தக் கேள்விக்குக் கீழே எங்கள் ஆலோசகரின் 'அடிக்கலாம்' என்ற பதில் வந்தது. அது தொப்பம்பட்டி மக்காச்சோளத்துக்கான பதில். யாருக்கு என்று குறிப்பிடாதது எங்கள் தவறு, கேட்டவரின் தவறு அல்ல. மிளகாய்க்கு இந்த மருந்தை அடிக்கவே கூடாது." வழக்கம்போல இரண்டு முறை படித்தேன். அனுப்பினேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே நான் நிர்வாகி இல்லை. குழுவிலும் இல்லை. குடோனில் மூட்டை வரவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சில நாள் கழித்து அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு குடோனுக்கே வந்தார். செடியை எல்லாம் உழுதுவிட்டாராம். சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்தார். "நீ எழுதுனத என் மகன் வாசிச்சுக் காமிச்சான் பாப்பா. கிறுக்கன்ங்கிற பேரு போயிருச்சு. மொளகாதான் வரல."

எங்கள் தொழிலில் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு மரியாதை உண்டு, யாருக்குச் சொன்ன பதில் என்று சொன்னவருக்குக் குடோன் உண்டு.