குண்டாற்றுக்குக் கறுப்பு மை

பேச்சியம்மாள் டீச்சர் யாரிடமும் கைகூப்பி மதிப்பெண் கேட்டவர் அல்லர். இரங்கல் கூட்டத்தில் இருவர் அப்படிப் பேசினார்கள். பிள்ளைகளுக்காகத் தேர்வாளரைக் கும்பிட்டுக் கெஞ்சிய தாயுள்ளம் என்று, பாராட்டாகவே சொன்னார்கள். பழைய மாணவிகள் கொண்டுவரும் நினைவு மலரிலும் அது அச்சாகப் போகிறது என்று அறிகிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் இறந்த செய்தி எனக்குக் காலையில் வந்தது. திருச்சுழியிலிருந்து அவருடைய தம்பி மகள் பேசினாள். "அத்தை போயிட்டாக டீச்சர். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாக." யாருக்கு முதலில் சொல்வது என்பதைக்கூட அவர் தீர்மானித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்கு வியப்பில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்தினார். நான் ஆங்கிலம், பின்னாளில் உதவித் தலைமையாசிரியை. நான் கான்வென்டில் படித்தவள். உலகத்து ஆறுகளை வரிசை பிசகாமல் ஒப்பிப்பதுதான் புவியியல் என்று நினைத்திருந்தேன். ஆசிரியைகள் அறையில் அவர் என்னைச் சீண்டுவார்: "டீச்சருக்கு லண்டன்ல ஓடுற தேம்ஸ் தெரியும். பஸ்ஸுல தாண்டிப் போற குண்டாறு தெரியாது."

"தேம்ஸ்ல தண்ணி இருக்கு. கண்ணுக்குத் தெரியுது."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்று சிரிப்பார்.

மனிதப் புவியியலுக்கு அவர் பேருந்து நிலையத்தையே வகுப்பறை ஆக்கினார். ஒரு நகரம் தன்னைச் சுற்றி எந்தெந்த ஊர் மக்களை இழுக்கிறது, எதற்காக இழுக்கிறது என்பது பாடம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் மாணவிகள் கேட்டு எழுத வேண்டும். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். மல்லாங்கிணறு பஸ்ஸின் நடத்துநர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், செக்கிங்கா?" என்றார்.

"ஆமாண்ணே, ஊரைச் செக் பண்ண வந்திருக்கோம். டிக்கெட் எடுக்காதவுக பயப்பட வேணாம்."

ஒரு மாணவி, பெரிய பையோடு இறங்கிய அம்மாளைத் தூரத்தில் பார்த்தே 'ஜவுளி வாங்க' என்று எழுதிவிட்டாள். டீச்சர் அதை வாசித்தார். "கேட்டியா, நீயா நெனச்சியா?" அவள் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு முகம் சிவந்து திரும்பினாள். அந்த அம்மாள் பல் பிடுங்க வந்தவர். டீச்சரிடம் படித்த யாரும் அந்தக் கேள்வியை வாங்காமல் தப்பியிருக்க முடியாது.

இனி, மலரில் வரவிருக்கும் அந்தச் செய்முறைத் தேர்வு. நான் அந்த அறைக்குள் இருந்தேன். வந்திருந்த தேர்வாளர் வருடம் முழுக்க ஆற்றில் தண்ணீர் ஓடும் சீமைக்காரர். மாணவிகள் வரைந்த வட்டார வரைபடங்களில் குண்டாறு கறுப்பாக இருந்தது. "ஆறுன்னா நீலம். பன்னெண்டாம் வகுப்புக்கு இதுகூடத் தெரியாதா?" என்று எல்லோருக்கும் குறைக்கத் தொடங்கினார்.

டீச்சர் அலமாரியைத் திறந்தார். டோபோ ஷீட் என்று நாங்கள் சொல்லும் நில அளவை வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். ஓரத்தில் இருந்த குறியீட்டு விளக்கத்தில் விரலை வைத்தார். "இதை வாசிங்க சார்." தண்ணீர் உள்ள ஆறு நீலம், வறண்டு கிடக்கும் ஆறு கறுப்பு.

"சரி டீச்சர், நீங்க கேக்குறீங்களேன்னு போட்டுடறேன்."

"நான் கேக்கலை சார். வாசிங்கன்னுதான் சொல்றேன்."

அவர் வாசித்தார். குறைத்ததையெல்லாம் திருத்தினார். டீச்சர் அதோடு விடவில்லை. அடியிலிருந்த ஒரு வரைபடத்தை உருவி எடுத்து, "இதுல மட்டும் குண்டாறு நீலம். இது தப்பு, இதுக்குக் குறைங்க" என்றார். அப்போது தேர்வாளர் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. விடைபெறும்போது டீச்சர் எழுந்து நின்று இரு கைகளையும் குவித்து வணக்கம் சொன்னார். வராந்தாவில் நின்றவர்களுக்கு ஜன்னல் வழியே அந்தக் கைகள் தெரிந்தன. பேச்சு கேட்கவில்லை.

மதிப்பெண் குறைந்த மாணவி வெளியே அழுதுகொண்டு நின்றாள். "எங்க டீச்சரே மாட்டி விட்டுட்டீகளே."

"தண்ணி இருக்குன்னு நீ வரைஞ்சா, அதை நம்பி ஒருத்தி குடத்தோட வருவா புள்ள. அவளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றவர், தம் கைக்குட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணவர் காலமானபோது வந்தவர்கள் எல்லாம், இனி வேலை எதற்கு, ஓய்வெடுங்கள் என்றார்கள். டீச்சர் மட்டும், "ஸ்கூலுக்கு எப்ப வாரீக?" என்று கேட்டார். எனக்கு எது நல்லது என்று தாமாக நினைக்காமல் என்னிடமே கேட்டவர் அவர் ஒருவர்தான். கடைசியாகப் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்தார். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்றேன். "எந்தெந்த ஊருப் பிள்ளைக வேலைக்கு வரும்? யாராச்சும் ஊருக்குள்ள போய்க் கேட்டாகளா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் இரக்கமுள்ளவர்தான். ஆனால் இரக்கத்துக்காக ஒரு கோட்டின் நிறத்தைக்கூட மாற்றமாட்டார். அவரைக் கெஞ்சியவராக எழுதுவது, குண்டாற்றுக்கு நீலம் பூசுவதுதான். பார்க்க அழகாக இருக்கும், உண்மை இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வியைத்தான். மலர்க் குழுவினரிடம் அதையே கேட்கிறேன்: கேட்டீர்களா, நீங்களாக நினைத்தீர்களா?

அன்று அந்த அறைக்குள் இருந்த மாணவிகள், நீலம் பூசியவள் உட்பட, கண்டதையும் கேட்டதையும் எனக்கு எழுதுங்கள். நான் சொல்வது தவறென்றால் அதையும் எழுதுங்கள். குழுவினர் அந்த வரியை நீக்குவீர்களா, மாட்டீர்களா என்பதை மலர் அச்சுக்குப் போகுமுன் தெரிவியுங்கள். தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் பதில் வேண்டும்.