டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்த நாள்

என் மாமியார் அந்த விளையாட்டைப் பார்த்த முதல் நாளே தன் கருத்தைச் சொல்லிவிட்டார்.

"கொல்லையில செய்யற வேல பத்தலன்னு பொட்டிக்குள்ள வேற உழுதுக்கினு இருக்கியா?"

அவர் கேட்டதில் தவறில்லை. எங்கள் கரும்புக் கொல்லை கச்சிராயபாளையத்தைத் தாண்டி, அணையிலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. விடிந்தால் அங்கேதான் எனக்கு வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் நான் லேப்டாப்பைத் திறந்துவைத்து இன்னொரு கொல்லையை உழுவேன். சென்னையில் இருக்கும் என் அண்ணன் புது லேப்டாப் வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்திருந்தான். அதில் அவன் போட்டுவைத்திருந்த விளையாட்டு அது. நிலம் வாங்கலாம், டிராக்டர் ஓட்டலாம், விதைக்கலாம், மழைக்காகக் காத்திருக்கலாம், அறுத்து விற்கலாம். யாரையும் சுட வேண்டாம், யாரையும் துரத்த வேண்டாம். அதுவே எனக்குப் பிடித்துப்போனது.

என் வீட்டுக்காரர் ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல காட்டுப்பன்னி வராதா?"

"வராதுங்க."

"கரண்டு போவாதா?"

"போவாது."

"அப்ப இது இன்னா வெவசாயம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பன்றிகள் எங்கள் கரும்பைக் கிளறிப்போட்ட வாரம் அது. அவருக்கு அந்தக் கோபம்.

எனக்கும் அந்த விளையாட்டின்மேல் குறைகள் இருந்தன. அதைப் பேசுவதற்கு இணையத்தில் ஒரு தமிழ்க் குழு இருப்பதைக் கண்டுபிடித்துச் சேர்ந்தேன். என் பெயரைப் போடவில்லை. மலையின் பெயரைப் போட்டுக்கொண்டேன். அதனால் எல்லோரும் என்னை ஆண்பிள்ளை என்று நினைத்து 'ப்ரோ' என்றும் 'தல' என்றும் கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

அந்தக் குழுவில் ஆளுக்கொரு கருத்து. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர், ஆபீஸ் முடிந்து வந்து அந்த டிராக்டர் சத்தத்தைக் கேட்டால்தான் தலைவலி போகிறது என்று எழுதுவார். இன்னொருவருக்கு ஒரு ஏக்கர் உழுது முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடுமாம். இதைப்போய் விளையாட்டு என்கிறார்களே என்று புலம்புவார். துபாயில் வண்டி ஓட்டும் ஒருவர், ஈர மண்ணில் டயர் வழுக்குவதை மட்டும் அச்சு அசலாகச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டுவார். நான் அவர் பக்கம். அந்த ஈரம் நிஜம். ஆனால் கரும்பு நிஜமில்லை. காற்று அடித்தாலும் சாயாமல் கம்பி நட்டதுபோல் நிற்கும். காய்ந்த தோகையை, அதாவது சோகையை, உரிக்க வேண்டியதில்லை, சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. அதைப் பற்றி நீளமாக எழுதினேன். சிலர் கைதட்டும் படம் போட்டார்கள்.

பெரிய சண்டை வந்தது டிரெய்லரால்தான். டிராக்டரின் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது அந்த விளையாட்டில் மகா கஷ்டம். டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். அது மடங்கத் தொடங்கியதும் மறுபக்கம் திருப்பி அதன் பின்னாலேயே போக வேண்டும். கொஞ்சம் அசந்தால் டிராக்டரும் டிரெய்லரும் கத்தி மடங்குவதுபோல் மடங்கிக்கொள்ளும். எங்கள் ஊரில் இதை வண்டி ஒடிகிறது என்பார்கள். அந்தச் சமயத்தில், ஒரு பட்டனை அழுத்தினால் டிரெய்லர் தானாகவே பின்னால் போகும்படி செய்துவிடலாமா என்று விளையாட்டைத் தயாரித்தவர்கள் ஆடுபவர்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

குழுவில் முக்கால்வாசிப் பேர் பட்டன் வேண்டும் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். நான் அதைப் பழகுவதற்கு ஒரு கோடை முழுக்கச் செலவழித்திருந்தேன். விளையாட்டில் டிரெய்லரை உள்ளே விட வேண்டிய களஞ்சியத்தின் சுவரை எத்தனை முறை இடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் ஒரு மத்தியானம் டிரெய்லர் நூல் பிடித்ததுபோல் உள்ளே போனபோது, தூங்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உட்காரும் அளவுக்குக் கைதட்டினேன். அந்தச் சந்தோஷத்தை ஒரு பட்டனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அப்படியே எழுதினேன்.

அதற்கு ஒருவர் பதில் போட்டார். "ப்ரோ, கரும்பு லோடு டிராக்டர நேர்ல பாத்துருக்கீங்களா? அத ரிவர்ஸ் எடுக்கறது வேற லெவல். கேம்ல ஓட்டறவன்லாம் டிரைவர் ஆயிட முடியாது."

எங்கள் டிராக்டர் சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. கொல்லையில் உழுவேன், மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் மாட்டி ஓட்டுவேன். ஆனால் டிரெய்லரை மாட்டியதும் என் வீட்டுக்காரர் வந்து ஏறிக்கொள்வார், நான் இறங்கிக்கொள்வேன். ஓட்டக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஓட்டுகிறேன் என்று நானும் கேட்டதில்லை.

அந்த வருஷம் தை பிறந்து கரும்பு வெட்டு சூடுபிடித்தபோது என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்தார். வலது தோளில் எலும்பு விரிசல். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். சரியாக அந்த வாரத்தில் ஆலையிலிருந்து எங்களுக்கு வெட்டு உத்தரவும் வந்தது. டிராக்டர் ஓட்ட ஒரு டிரைவரைப் பேசிவைத்தோம். மலையிலிருந்து வெட்டு ஆட்கள் வந்து காலையிலேயே வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கரும்பு சாய்ந்துகொண்டே வந்தது. டிரைவர் மட்டும் வரவில்லை. போன் செய்தால், சின்னசேலத்தில் வேறொரு லோடோடு வண்டி நின்றுபோய்விட்டது, இன்றைக்கு முடியாது என்றார்.

என் வீட்டுக்காரர் திண்டாடிப்போனார். இடது கையில் போனை வைத்துக்கொண்டு தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். வெட்டுக் காலத்தில் டிரைவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை இறங்கும். ஆட்களுக்கோ மறுநாள் வேறு கொல்லை.

"நான் எடுக்கறேங்க," என்றேன்.

அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். "ரிவர்ஸ்லதான் உள்ள போவணும்."

"தெரியும்."

"பொட்டியில இல்ல. வாய்க்கா ஓரத்துல."

"தெரியுதுங்க."

அவர் இடது கையால் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "அவசரப்படாத. ஒடிஞ்சா முன்னால எடுத்துட்டு திரும்பப் போடு. அதுல ஒன்னும் கௌரவம் கம்மியாயிடாது."

எங்கள் கொல்லைக்குப் போகும் பாதையைப் பார்த்தால் அவருடைய பயம் புரியும். தார் ரோட்டிலிருந்து வண்டி அகலத்துக்கு ஒரு மண்பாதை. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் பள்ளத்தில் அடுத்தவர் நெல். உள்ளே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் காலி டிரெய்லரைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, கரும்பை ஏற்றி, நேராக வெளியே வர வேண்டும்.

ரோட்டில் நிறுத்தி ரிவர்ஸ் கியரைப் போட்டேன். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் டிரெய்லர் வாய்க்கால் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. பதற்றத்தில் ஸ்டியரிங்கை ரொம்பத் திருப்பிவிட்டேன். மளமளவென்று ஒடிந்தது. பிரேக்கை மிதித்தபோது டிரெய்லரின் பின் சக்கரம் கரை ஓரத்தில் நின்றது. வெட்டு ஆட்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

"யக்கா, ரைட்ல திருப்புங்க," என்றார் அவர்களுடைய மேஸ்திரி.

"இல்ல இல்ல, லெப்ட்ல," என்றார் இன்னொருவர்.

ரோட்டில் போன ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் பங்குக்குக் கையை ஆட்டினார்.

"கொஞ்சம் சும்மா இருங்கண்ணா. நானே பாத்துக்கறேன்," என்றேன்.

முன்னால் எடுத்து நேராக்கினேன். எஞ்சினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். விளையாட்டில் மேலிருந்து பார்க்கலாம். இங்கே கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு விரல் போதும். இங்கே ஸ்டியரிங் இரண்டு கையையும் கேட்டது. ஆனால் டிரெய்லர் இரண்டிலும் ஒன்றுதான். அது அங்கே எப்படித் திரும்புமோ அப்படியேதான் இங்கேயும் திரும்பியது. நான் சுவரை இடித்து இடித்துக் கற்றுக்கொண்டது, ஸ்டியரிங்கைப் பார்க்காமல் டிரெய்லரின் மூலையைப் பார்க்க வேண்டும் என்பது. அது அசைவதற்கு முன்பே கொஞ்சமாகத் திருத்த வேண்டும். அசைந்த பிறகு நிறையத் திருத்தினால் ஒடிந்துவிடும்.

மறுபடியும் ரிவர்ஸ் போட்டேன். கிளட்சைப் பாதியில் பிடித்து ஊர்ந்தேன். மூலை இடது பக்கம் சாயப் பார்த்தது. இடது பக்கமே கொஞ்சம் திருப்பினேன், நேரானது. வலது பக்கம் போனது. வலது பக்கம் ஒரு பிடி. கழுத்து வலித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. பக்கத்திலேயே வாய்க்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இருபுறமும் வெட்டிய கரும்பின் அடிக்கட்டைகள் தெரிந்தன. டிரெய்லர் கொல்லைக்குள் இருந்தது. டிராக்டரும் அதற்கு நேர்க்கோட்டில் நின்றது.

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "ஏத்துங்கப்பா," என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். "எங்க கத்துக்கினீங்க?"

"வூட்லதான்."

"வூட்லயா?"

"கம்ப்யூட்டர்ல."

அவர் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

லோடு ஏறியதும் ஆலைக்குக் கிளம்பினேன். என் மாமியார் எங்கிருந்தோ வந்து மட்கார்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஆலை வாசலில் காவலுக்கு இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கம்மா?" என்றார்.

"ஒக்காந்துக்கினு இருக்கா பாரு," என்றார் என் மாமியார். "கண்ணு தெரில?"

கரும்பு இறக்கும் இடத்தில் மறுபடி ரிவர்ஸ். வரிசையில் நின்ற டிரைவர்கள் டீ கிளாஸோடு வேடிக்கை பார்க்க வந்தார்கள். லோடு ஏறிய டிரெய்லர் காலி டிரெய்லரைவிட நிதானமாகத் திரும்பும். ஒரே முறையில் போய் நின்றது. பார்க்க வந்தவர்கள் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கலைந்துபோனார்கள். அதைவிட நல்ல பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் குழுவில் என் கருத்தை மறுபடி எழுதினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன், மாமியாரோடு டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் படத்தையும் போட்டேன். கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் வசதியை விளையாட்டில் வைக்க வேண்டும் என்றேன். பட்டன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தேன். வேண்டுமென்பவர்களுக்கு இருக்கட்டும், வேண்டாதவர்கள் அணைத்துவைக்க வழி இருக்கட்டும் என்று எழுதினேன். 'ப்ரோ' எல்லாம் 'அக்கா' ஆனது. வேற லெவல் என்று எழுதியவர், "அக்கா, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கு அந்தக் களஞ்சியத்துக்குள்ள இன்னும் போவ வரல, கொஞ்சம் சொல்லிக் குடுங்க," என்று கேட்டிருந்தார். தூக்கம் வருகிறது என்று புலம்பியவர்கூட அன்றைக்கு விழித்திருந்து இதயம் போட்டார். அடுத்த மேம்படுத்தலில் பட்டன் வந்தது, அணைத்துவைக்கும் வழியோடு. என்னைப் போலப் பலரும் கேட்டிருப்பார்கள். ஆனாலும் அதில் ஒரு குரல் என்னுடையது.

மிச்சக் கரும்பையும் நானே ஏற்றிப் போனேன். டிரைவர் வருகிறேன் என்று போன் செய்தபோது, தேவையில்லை என்று சொல்லிவிட்டோம்.

எங்கள் வெட்டு முடிந்து ஓரிரு நாள் இருக்கும். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் என் வீட்டுக்காரர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு லோடு கிடக்கிறது, டிரைவர் கிடைக்கவில்லை.

"டிரைவரா? எங்க வூட்லயே இருக்காங்க," என்றார் அவர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா வருவாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. அவங்களக் கேட்டுத்தான் சொல்லணும்," என்றார்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். "பாதை எப்பிடின்னு கேளுங்க," என்றேன். "காலைல வந்து பாக்கறேன்னு சொல்லுங்க."