டோரீனின் சாரி

உலகத்து ராஜாக்கள் எல்லாரும் இதுவரை சொன்ன சாரியை ஒரு தட்டிலும், டோரீன் ஒருத்தி சொன்ன சாரியை மறு தட்டிலும் வைத்தால், ராஜாக்கள் அந்தரத்தில் தொங்குவார்கள். கனடாவின் சஸ்காட்செவனில் அவள் கேக் விற்கும் கடைப்பக்கம் போனவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். வழிவிடச் சொல்ல ஒரு சாரி. காதில் விழவில்லை என்றால் இழுத்து ஒரு சாரி. யாராவது அவள் காலை மிதித்தால், மிதித்தவருக்கு ஒரு சாரி. இடித்துக்கொண்ட கதவுக்கும் உண்டு. துக்க வீட்டில் மட்டும் அதையே கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை கர்லிங் கொட்டகையில், பனிமேல் கல்லை வழுக்கவிட்டு வட்டத்துக்குள் நிறுத்தும் அந்த விளையாட்டின் இறுதி ஆட்டம். ஜன்னல் வழியே இறங்கிய வெளிச்சத்தில் பனித்தளம் பால் மாதிரி கிடந்தது. வழுக்கி வரும் கல் தடையில்லாமல் ஓட, அதற்கு முன்னால் பனியைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே போகையில், தான் அசையாமல் நிற்க, கொட்டகைதான் மிதந்து போகிறது என்று டோரீனுக்குத் தோன்றும். எதிர்முனையில் அணித்தலைவியாக நின்றவள் அவளுடைய அக்கா லோர்னா. பக்கத்து ஊர்க்காரிகளிடம் வருஷா வருஷம் தோற்றவள். இந்தக் கடைசிக் கல் வட்டத்தின் நடுவில் நின்றால் கோப்பை அவளுக்கு.

கல் நேராகத்தான் வந்தது. துடைப்பம் அதன் விளிம்பில் லேசாகப் பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்று இங்கே நடுவரும் கிடையாது. துடைப்பம் பட்டால் அந்தக் கல் செல்லாது; அதையும் தொட்டவளே சொல்லவேண்டும்.

"சாரி," என்றாள் டோரீன்.

"பரவால்லடி, தேய்," என்று லோர்னா கத்தினாள்.

"இல்லக்கா, சாரி."

"எல்லாத்தையும் வீட்டுக் கதவுகிட்ட சொல்லிக்க. தேய்டி."

கூடத் தேய்த்தவளும் சிரித்தாள். காலமெல்லாம் வாரி இறைத்த வார்த்தை, வேண்டிய நேரத்தில் யார் காதிலும் ஏறவில்லை. கல் தூக்கத்தில் நடப்பதுபோல் வட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டோரீன் காலை நீட்டி அதை நிறுத்தினாள்.

"தொடப்பம் பட்டுடுச்சுக்கா."

லோர்னா நடந்து வந்து அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளினாள். பிறகு கையுறையைக் கழற்றி எதிரணித் தலைவிக்குக் கை கொடுத்தாள். திரும்பி வரும்போது தங்கையின் தோளைத் தட்டினாள்.

"வா, வழக்கம்போல ஜெயிச்சவளுங்க செலவுல நல்லாக் குடிப்போம். ஆனா ஒரு வாரத்துக்கு அந்த வார்த்தைய எங்கிட்ட சொன்ன, பல்லப் பேத்துடுவேன்."

டோரீன் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய சாரிகளை வைத்து ஊர்ப் பத்திரிகையில் நக்கலாக நாலு வரி எழுதலாம் என்று வந்து, ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றிருந்த பையன்மேல் டோரீன் மோதினாள். மோதியது அவள், சாரி சொன்னது அவன். அதுவும் மெதுவாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

டோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது எந்த சாரி, கண்ணு?"