குடிலுக்கு வந்த நான்காவது ராஜா

மழை ஏமாற்றிய அந்த வருஷம் செம்பாக்கம் ஏரி சில மாதங்களிலேயே வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. செத்த ஏரிதானே, ஒரு பக்கத்தை மேடாக்கி வாக்கிங் போகத் தளம் போட்டுத் தரச் சொல்லி மனு கொடுத்தால் என்ன? பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன் என்பதால் முக்கியமான வரியை என்னை எழுதச் சொன்னார்கள். "இந்த ஏரியில் இனி எந்த உயிரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பெருமை தாங்கவில்லை.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு மண் வேண்டியிருந்தது. ஏரியில்தான் சும்மா கிடக்கிறதே என்று நானும் மனைவியும் இரண்டு வாளி கட்டிமண் அள்ளி வந்தோம். அதில் கேழ்வரகு தூவி, தினமும் தண்ணீர் தெளித்தோம். கேழ்வரகு முளைத்தது. கூடவே நாங்கள் விதைக்காத கோரையும் முளைத்து இடையர் பொம்மைகளை மறைத்தது. பிடுங்கினால் மறுநாள் மறுபடி வந்தது. ஒரு வாரம் கழித்து, காலையில் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, பாலகனைப் பார்க்க வந்த ராஜாக்கள் மூணு பேருதானே? நாலாவதா ஒருத்தர் வந்திருக்காரு, பாருங்க."

நல்ல பெரிய நத்தை. மண்கட்டிக்குள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு தூங்கிக் கிடந்தது, ஈரம் பட்டதும் திறந்துகொண்டு கேழ்வரகை மேய்ந்தபடி தொழுவத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"எந்த உயிரும் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்களே, சார்!"

அந்த 'சார்' வேண்டுமென்றே சொன்னது. மறுநாள் மனு போகிறது. என் வரியை நம்பி லாரி லாரியாக மண் கொட்டிவிட்டால், உள்ளே தூங்குகிறவை எல்லாம் தூக்கத்திலேயே போய்ச்சேரும்.

சங்கச் செயலாளரை வரவழைத்து, கையில் கேக்கைக் கொடுத்துவிட்டு, மனுவைத் திரும்பக் கேட்டேன். அவர் உள்ளூர்க்காரர். அவர் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள்.

"இன்னா சார், ஒரு நத்தைக்கோசரமா?"

"ஒண்ணு இல்லீங்க. ஏரி பூரா இப்படித்தான் தூங்கிட்டிருக்கு. தண்ணி வந்தா எழுந்துக்கும்."

அவர் குடிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏரி வத்துனா நத்தை செத்துடும்னு எய்துனதுக்குத்தானே சார் என் பொண்ணுக்கு ரெண்டு மார்க் வெட்டுனீங்க?"

சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. நான் அந்த வரியை அடித்தேன். அந்த வரி இல்லாமல் மனுவுக்கு வேலையில்லை. அதோடு நின்றுபோனது.

அடுத்த மழையில் ஏரி நிறைந்தது. அதுவரை வாளியில் வைத்திருந்த நத்தையைக் கொண்டுபோய்க் கரையோரம் விட்டேன். யாரும் நடாமலே கோரை மண்டியிருந்தது. அதற்குள் நாரைகளும் வந்து நின்றுகொண்டு என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு மார்க்கைத் திருப்பித் தரலாமா என்று யோசித்தேன். தப்பு தப்புதான், தரவில்லை. ஆனால் அவள் பரீட்சைத் தாளில் மட்டும்தான் எழுதினாள். நான் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன்.