ஆறு மணி ரத்தம்

1995 ஜூன் 12 — 41
ஜூன் 19 — 38
ஜூன் 20 — 102, 44

மயிலாப்பூர் கஸ்தூரிரங்கனின் ரத்தச் சர்க்கரை அளவு இது. மூன்று நாளும் ரத்தம் எடுத்தவர் தனபாலன். மந்தைவெளியில் ஒரு சிறிய பரிசோதனை நிலையத்துக்காகக் காலையில் பதினோரு வீடுகள் ஏறி இறங்கி, பத்தரை மணிக்குச் சைக்கிளில் குழாய்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கஸ்தூரிரங்கனுக்கு எதிலும் தாமே முதல். ஆறு மணிக்கு, காபிக்கு முன், முதல் ஊசி அவருக்குத்தான் போட வேண்டும்.

முப்பத்தெட்டு என்றால் மனிதர் மயங்கி விழ வேண்டும். கணையத்தில் கட்டியாக இருக்கலாம், புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று குடும்ப டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள் நீரஜா மணிக்கொரு தரம் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை தனபாலன் உள்ளே நுழைந்ததும் பெரியவர் பேப்பரை மடித்தார். "மணி ஆறு நாலு. நாலு நிமிஷம் லேட்டுடா."

"முப்பத்தெட்டுல கீற ஆளு கடியாரம் பாத்துத் திட்டுவாரா, சாமி? எனுக்கு அந்த ரிப்போர்ட்டு மேலதான் சந்தேகமா கீது. ரெண்டு குழாய் எடுத்துக்கட்டா?"

"என்ன, ஆத்துல ரத்தம் கொட்டியா கெடக்கு?"

"எடுத்துண்டு போகட்டும்ப்பா. நாளைக்கு அட்மிட் ஆறதுக்குள்ள தெரிஞ்சா தேவலை" என்றாள் நீரஜா. அவர் முறைத்துக்கொண்டே கையை நீட்டினார்.

ஒரு குழாயோடு தனபாலன் நேரே மந்தைவெளிக்கு மிதித்தார். பிறகுதான் மற்ற வீடுகள். இன்னொரு குழாய் வழக்கம்போலப் பையில் சுற்றிவிட்டுப் பத்தரைக்கு வந்தது. முதலாவதில் 102, சரியான அளவு. இரண்டாவதில் 44. ஒரே கை, ஒரே ஊசி.

நிலையத்து டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாத வெள்ளையணு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது.

"வெள்ளையணு நம்ம காவக்காரன், தனபாலன். கிருமியோட சண்டை போடச் சர்க்கரை வேணும். இது புத்துநோய்க் கூட்டம். சண்டையை விட்டுட்டுப் பெருகறதுக்கே தின்னும். உடம்புல சாப்பாடு வந்துக்கிட்டே இருக்கு, குறை தெரியல. குழாயில அடைச்சதும் இருந்ததைத் தின்னு தீத்துடுச்சு."

"அதுக்குத்தானே குழாயில மருந்துத்தூள் போடறோம், டாக்டர்?"

"அது வேலை செய்யவே ஒரு மணி நேரம் ஆகும். மத்தவங்களுக்குப் போதும். இப்பிடி ஒரு கூட்டம் பந்தியில உக்காந்தா?"

கணையத்தை யாரும் தொடவில்லை. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சரியான வைத்தியம் தொடங்கியது. தினமும் மாத்திரை, செப்டம்பரில் எண்ணிக்கை ஒன்பதாயிரத்துக்கு இறங்கியது. மறு வருஷம் குடும்பம் புனாவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை பெரியவரின் இன்லண்டு கடிதம் தனபாலனின் சிந்தாதிரிப்பேட்டை வீட்டுக்கு வரும்: வெள்ளையணு எவ்வளவு என்று ஒரு வரி, பதில் போடாததற்கு ஒரு வசவு.

கடைசிக் கடிதம் நீரஜாவின் கையெழுத்தில் இருந்தது. அப்பா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். பேத்தி வர்ஷினியின் கல்யாணத்தைப் பந்தலில் உட்கார்ந்து பார்த்தார். "இந்த நாலு வருஷம் தனபாலன் குடுத்தது, அவனுக்கு எழுதிப் போடு" என்று அவரே சொன்னார். வீட்டு வாசலில் நின்றபடியே தனபாலன் அதை இரண்டு தரம் படித்தார். கடிதம் வந்தது 1999 நவம்பர் 3, புதன்கிழமை.