படிக்குள் இருந்த கூடு

எங்கள் வீடு மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து சற்று ஏறி உள்ளே போகிற ஒழுங்கையில் இருக்கிறது. சரிவில் கட்டிய வீடு என்பதால் முற்றத்திலிருந்து விறாந்தைக்கு நல்ல உயரம். அந்த உயரத்துக்குப் போட்டிருந்த கொங்கிரீட் படிகள் சில வருஷமாகவே உதிர்ந்துகொண்டிருந்தன. முதலில் ஓரங்கள் போயின. பிறகு நடுவில் வெடித்தது. துருப்பிடித்த கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் சீமெந்து குழைத்துப் பூசிப் பார்த்தார். ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த மழையில் பூசியது மட்டும் தட்டுத் தட்டாகக் கழன்று வரும். நான் விறாந்தையில் மெஷின் போட்டுத் தைக்கிறவள். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் "இந்தப் பக்கமா ஏறுங்க" என்று சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மேல்படியின் வெடிப்பு ஒன்றில் ஒருநாள் சின்னக் குழாய் ஒன்றைப் பார்த்தேன். விரல் நுனி அளவுதான் இருக்கும். பழுப்பு நிறம், மெழுகுபோல் மினுமினுப்பு. அழுக்கு என்று நினைத்து விளக்குமாற்றால் தட்டிவிட்டேன். இரண்டொரு நாளில் அதே இடத்தில் மறுபடி முளைத்திருந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது. அதன் பிறகு தட்ட மனம் வரவில்லை. தைக்கிற நேரத்தில் எட்டி எட்டிப் பார்ப்பேன். கொசுவை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பூச்சிகள் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தன. சிலவற்றின் காலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. இந்தப் படிக்குள் இவற்றுக்கு அப்படி என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மாரியில்தான் என் அக்கா விழுந்தாள். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள் அவள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்ட பிறகும் லயத்து வரிசையில் தன் ஒற்றை அறைக் காம்பராவிலேயே தனியாக இருந்தாள். தண்ணீர் எடுக்கப் போன வழியில் பாசியில் வழுக்கித் தொடையெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். இனி எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். அக்காவிடம் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் என்ன பேசினாலும் "ம்" என்ற ஒரு சொல்தான்.

வோக்கர் பிடித்து நடக்கப் போகிறவள் இந்தப் படியில் எப்படி ஏறுவாள்? மாத்தளை டவுனிலிருந்து கட்டட வேலை செய்கிற ஒரு மேசன் பாஸைக் கூட்டி வந்தோம். வயதான முஸ்லிம் மனிதர், நிதானமாகப் பேசுகிறவர். படியைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். மேலே பூசிப் பிரயோசனமில்லை, உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, அதுதான் கொங்கிரீட்டை வெடிக்க வைக்கிறது, முழுதாக உடைத்துப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். தட்டும்போது வந்த சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. "உள்ளுக்கு வெறுமையா ஈக்கிது தங்கச்சி. நெரப்பின மண் கரஞ்சி போயிருக்கும்" என்றார்.

அக்கா வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்ற நினைப்பில் வேலையைத் தொடங்கினோம். பாஸ் அலவாங்கை வெடிப்பில் கொடுத்து நெம்பினார். மேல்படி அப்படியே பெயர்ந்து வந்தது. அடுத்த கணம் அவர் தலையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கூட்டம். அலவாங்கைப் போட்டுவிட்டு அவர் தென்னைமரம் வரைக்கும் ஓடினார். தலைமயிரிலும் காதிலும் புகுந்துவிட்டன. ஆனால் ஒன்றும் கொட்டவில்லை. மெதுவாகக் கடிக்கத்தான் செய்தன. நான் துவாயால் தலையை மூடிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன்.

படிக்குக் கீழே ஒரு பானை அளவுக்குப் பொந்து. அதற்குள் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் திராட்சைக் குலைபோல ஒட்டிக்கொண்டிருந்தன. உடைந்த உருண்டைகளிலிருந்து தேன் வடிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பு கலந்த இனிப்பு, பிறகு லேசாக ஒரு பிசின் வாசம். பாஸும் வந்து தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இது கொட்டாத சின்னத் தேனீ, கொசுத்தேன் என்றார்.

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓடுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து பார்த்தவர், மண்ணெண்ணெய் ஊற்றினால் போய்விடும், வேலை நிற்கக்கூடாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்குக் கை வரவில்லை. இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்ததன் உள்பக்கம் இப்போதுதான் தெரிந்திருந்தது. ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஏனென்று தெரியவில்லை, அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

வழக்கம்போல "ம்" என்றாள். நான் பொந்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல அந்த "ம்" நின்றது. கேள்விகள் வர ஆரம்பித்தன. உருண்டை எல்லாம் ஒரே அளவா? நடுவில் வெளிறின நிறத்தில் அரிசிமாதிரி அடுக்கு இருக்கிறதா? வயிறு பெருத்து, பறக்காமல் நடக்கிறது ஒன்று இருக்கிறதா? நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே போய்ப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன். பெரிய வயிறுகொண்டது ஒன்று அடுக்குக்குள் நுழைவதைக் கண்டேன்.

"அதான் ராணி. அத நசுக்கிறாதீங்க" என்றாள். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருந்த மரப்பொந்தில் இப்படி ஒரு கூடு இருந்ததாம். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நானும் அங்கே பகலெல்லாம் என்ன செய்கிறாய் என்று கேட்டதில்லை.

அன்று பின்னேரம் பாஸ் மேசன் கரண்டியால் கூட்டை அடியோடு கிளப்பி, நான் கொடுத்த மண்சட்டிக்குள் வைத்தார். மேலே ஒரு மூடி, ஓரத்தில் சின்னத் துவாரம். படி வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் முற்றத்தின் மறுகோடியில் அம்பரலா மரத்தடியில் சட்டியை வைத்தோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரியில் அக்காவைக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். த்ரீவீலர் வந்து நின்றபோது வீட்டுக்கு முன்னால் உடைத்த கல்லும் மண்ணும்தான் கிடந்தது. பாஸ் பலகை போட்டு, தானும் என் வீட்டுக்காரரும் கதிரையோடு தூக்கிவிடுவதாகச் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "என்னைய மூட்டையா தூக்க வேணாம். இங்கயே உக்காந்திருக்கேன்" என்றாள். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார வைத்தோம். எனக்கு அழுகை வந்தது. வந்த முதல் நாளே இப்படி வெளியில் உட்கார வைத்துவிட்டோமே என்று.

ஆனால் அவள் எங்களைப் பார்க்கவில்லை. உடைந்த படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணீர் கொடுத்தேன். ஆறிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"சட்டி அங்க இருக்கு. இதுங்க எல்லாம் இங்கதான வருதுங்க, பாரு" என்றாள்.

பார்த்தேன். பொந்து இருந்த இடத்தில், உடைந்த கொங்கிரீட் ஓரத்தில், பூச்சிகள் கொத்துக்கொத்தாக உட்கார்ந்திருந்தன. காலில் மஞ்சளோடு வந்தவை அந்தரத்தில் அலைந்தன. வெளியே போயிருந்தவை பழைய வாசலுக்கே திரும்பி வந்திருக்கின்றன. வீடு இடம் மாறியது அவற்றுக்குத் தெரியவில்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

பாஸ் போய்ச் சட்டியைத் தூக்கி வந்தார். பழைய வாசல் இருந்த அதே உயரத்தில் செங்கல்லை அடுக்கி மேலே வைத்தார். துவாரம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அக்கா கதிரையிலிருந்தபடியே சொன்னாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று துவாரத்தருகே நின்று நுழைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் கொங்கிரீட் ஓரம் காலியாகிவிட்டது.

இப்போது சட்டி படி வர வேண்டிய இடத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் பாஸின் முகத்தைப் பார்த்தார். பாஸ் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். படியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போட்டால் என்ன என்று கடைசியில் அவரே கேட்டார். அப்படியே அக்காவுக்கு முன்னால் ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்து, அதில் கால் வைக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. அதையே படுக்கப் போட்டார். வோக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காலை எடுத்து வைத்தாள்.

"அப்ப இந்த ஒசரம்தான் படி" என்றார் பாஸ்.

அந்த உயரத்துக்குப் போட்டால் படிகள் முற்றத்தில் பாதி தூரம் நீளும். நீளட்டும் என்றோம். அன்றைக்குப் பலகை வழியாக, எங்கள் இருவரின் தோளையும் பிடித்துக்கொண்டு அக்கா நடந்துதான் உள்ளே வந்தாள். தூக்கவிடவில்லை.

கொங்கிரீட் போட்டு ஈரச்சாக்கு மூடியிருந்த நாட்களில் அவள் விறாந்தையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் பட்டன் தைப்பேன். அவள் சட்டியைப் பார்த்துப் பேசுவாள். மழை இருட்டினால் அவை வெளியே வருவதில்லை, காலையில் செத்ததை இழுத்து வந்து வெளியே போடுகின்றன என்றெல்லாம் சொல்வாள். நடுவில் பிள்ளைக்காம்பராக் கதைகளும் வரும். நான் தையலை நிறுத்திவிட்டுக் கேட்பேன். படி காய்ந்ததும் கீழே இறங்கிக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தினமும் நடந்து பழகினாள். டொக்டர் சொன்ன பயிற்சியை அவள் ஒழுங்காகச் செய்தது அப்போதுதான். வோக்கர் போய் ஊன்றுகோல் வந்தது.

போன மாதம் பாஸ் போன் எடுத்தார். பலாபத்வலையில் ஒரு பழைய வீட்டுச் சுவரை உடைக்கிறாராம், உள்ளே கறுப்பாக என்னமோ ஊர்கிறதாம், உடைக்கலாமா என்று அக்காவிடம் கேட்கச் சொன்னார். அக்கா போனை வாங்கி, தொடவேண்டாம், வருகிறேன் என்றாள். பிள்ளைக்காம்பரா வேலைக்குக் கட்டுகிற வெள்ளைச் சாரியை உடுத்திக்கொண்டு, த்ரீவீலர் பிடித்துத் தனியாகவே புறப்பட்டாள்.

பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் இரண்டு தடவை ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பின்னேரம் வந்தவள் காலைக் கழுவிக்கொண்டே, "தேனீ இல்லடி, கறையான்" என்றாள். ஏமாந்து போயிருப்பாள் என்று நினைத்துச் சோற்றைப் போட்டேன். அவளோ கறையான் சுவருக்குள் எப்படி மண்ணால் வழி கட்டியிருந்தது, உடைந்த வழியை எத்தனை வேகமாக அடைத்தது என்று சொல்லத் தொடங்கி, சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.